ஓஎஸ்டிக்கெட்: மூன்று பேர் ஐடி குழு தாக்குப்பிடிக்குமா?

ஆள் சேர்க்கிற வேகத்துக்கு ஐடி குழு வளராத நிறுவனங்களில் வேலை நாலு பக்கமிருந்தும் வரும்: வாட்ஸ்அப், போன், டீ குடிக்கப் போகிற வழியில் மறித்துக் கேட்பது. இதையெல்லாம் ஒரே வரிசையில் நிறுத்த, ஒவ்வொரு கோரிக்கையையும் 'டிக்கெட்' என்று பதிந்து வைக்கும், உரிமக் கட்டணமில்லாத ஓஎஸ்டிக்கெட் மென்பொருள் நல்ல தேர்வு. பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் ஓடுகிற சின்ன லினக்ஸ் சர்வர் போதும்.

இதன் பலம் 'ஹெல்ப் டாபிக்'. ஒவ்வொரு வகைக் கோரிக்கைக்கும் தனிப் படிவம் வைக்கலாம். 'புதிய பணியாளர்' என்பதில் சேரும் தேதி, மேலாளர், லேப்டாப் வகை, தேவையான மென்பொருள் நான்கையும் கட்டாயமாக்கிவிட்டால், எச்ஆரிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் பாதி அஞ்சல் குறையும்.

தலைவலி, உதவி கேட்டு வரும் மின்னஞ்சலை இழுத்து டிக்கெட்டாக்குவதில்தான். அஞ்சலைத் தானாக இழுக்க உள்ளேயே இருக்கும் ஆட்டோ கிரான், ஏஜென்ட் (டிக்கெட்டைக் கவனிக்கும் ஐடி ஆள்) யாராவது திரையைத் திறந்து வைத்திருந்தால்தான் ஓடும். இரவு வந்ததெல்லாம் காலையில் மொத்தமாக இறங்கும். அதனால் சர்வரின் கிரானில் (வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி போட்டுவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 அஞ்சல் என்றால் வெறும் பாஸ்வேர்டு செல்லாது, 2022 அக்டோபரில் அந்த வழியை மூடத் தொடங்கிவிட்டார்கள். ஓஎஸ்டிக்கெட் 1.17 பதிப்புடன் வந்த ஓஆத் 2 பிளகின் (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் வைத்து உள்நுழையும் கூடுதல் நிரல்) வேண்டும். அதற்காக மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாகத் தளமான என்ட்ராவில் எடுக்கும் கிளையன்ட் சீக்ரெட் என்ற ரகசியச் சாவியின் ஆயுள் அதிகபட்சம் 24 மாதம். காலாவதியானால் புது அஞ்சல் டிக்கெட்டாக மாறாது. இன்று புகாரே இல்லையே என்று குழு சந்தோஷப்படும்! முடிகிற தேதியைக் காலண்டரில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்து வையுங்கள்.

சர்வர் கண்காணிப்பு அலாரங்களை, டிக்கெட் உருவாக்கும் அதே அஞ்சல் முகவரிக்கு அனுப்பாதீர்கள். வேறு வழியில்லை என்றால், அனுப்புநர் முகவரியை வைத்து ஒரு ஃபில்டர் போட்டு, தானியங்கிப் பதிலை நிறுத்துங்கள். இரண்டு எந்திரங்கள் ஒன்றுக்கொன்று பதில் எழுதத் தொடங்கினால் வரிசை நாசம்.

இணைப்புக் கோப்புகள் இயல்பாகவே டேட்டாபேஸுக்குள் போகும். ஸ்கிரீன்ஷாட்கள் குவியக் குவிய பேக்கப் நீளும். கோப்பமைப்பில் சேமிக்கும் பிளகினை முதல் நாளே போடுங்கள்.

ஒப்புதல் வாங்கும் வசதி உள்ளமைப்பில் கிடையாது. எந்த லேப்டாப் யாரிடம் இருக்கிறது என்ற கணக்கும் இதில் நிற்காது. அந்தக் கணக்குக்கு, கருவிகளைப் பதிந்து வைக்கும் ஸ்னைப்-ஐடி போன்ற மென்பொருள் தனியாக வேண்டும்.