லெபனான் "மீட்பு விமானப் பட்டியல்" என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் மத்திய கிழக்கில் பிள்ளைகளை விட்டிருக்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். சண்டை நடக்கிற நாட்டிலிருந்து ஆட்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று ஒரு கதை வந்தால் போதும், அந்தப் பட்டியலில் பெயர் போட்டுத் தருகிறோம் என்று தரகர்கள் படலைக்கு வந்துவிடுகிறார்கள். என் சித்தியிடம் ஒன்றரை இலட்சம் போய்விட்டது.

2024 செப்டெம்பர் 23க்குப் பிறகு லெபனானில் இஸ்ரேலின் குண்டுவீச்சு கடுமையானது தெரியும்தானே. சித்தியின் மகள் அப்போது பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலை. வீட்டுக்காரர் மலைப்பக்கம் போய்விட்டார்கள், இவளை வீட்டுக்குக் காவலாக விட்டுவிட்டு. கடவுச்சீட்டு வீட்டுக்கார அம்மாவின் கைப்பையில். அவளுக்கு மட்டும் நடந்ததல்ல. பணிப்பெண்கள் பூட்டிய வீட்டிலும் தெருவிலும் கைவிடப்பட்டதைப் புலம்பெயர்வுக்கான ஐ.நா. அமைப்பே அப்போது வெளியே சொன்னது.

அந்த நேரம் பார்த்துத்தான் தரகர் வந்தார். முகம் தெரிந்த, கோயில் திருவிழாவில் சந்திக்கிற ஆள். "அம்மா, பட்டியல் இண்டைக்கு இரவு பூட்டுது. பிறகு என்னட்டை வந்து அழாதேங்கோ" என்றாராம். சித்தி அன்றைக்கே கிளிநொச்சிக்குப் போய்ச் சங்கிலியை அடகு வைத்து, அவர் சொன்ன கணக்கில் கட்டினார். கணக்கு அவருடைய பெயரில்கூட இல்லை.

பதிலுக்கு வைபரில் ஒரு கடிதத்தின் படம் வந்தது. நான் அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அரச இலச்சினை, ஆனால் சிங்கம் மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. கீழே அரைவாசி அழிந்த முத்திரை. "மேற்படி நபர் விமானத்தில் ஏற அனுமதிக்கப்படுகிறார்" என்று நடுவில் ஒரு வரி. மேற்படி நபர் யார் என்று மேலே எங்கேயும் இல்லை. பெயரும் இல்லை, கடவுச்சீட்டு இலக்கமும் இல்லை. கேட்டதற்கு, "அது கொம்பியூட்டரில இருக்கு" என்று பதில்.

பெயரில்லாத பேப்பர் என்ன பாடுபடுத்தும் என்பதை 2021 ஆகஸ்டில் காபூலில் உலகமே பார்த்தது. 15ஆம் திகதி தலிபான் நகருக்குள் வந்த பிறகு, தங்களோடு வேலை செய்த ஆப்கானியர்களுக்கு அமெரிக்கா மின்னஞ்சலில் ஒரு விசாப் பத்திரம் அனுப்பியது. அதிலும் பெயர் இல்லை. ஆட்கள் அதைப் படம் பிடித்து உறவு, அயல் என்று அனுப்ப, விமான நிலைய வாசலில் கண்டவர் கையிலெல்லாம் அதே பத்திரம். அதற்குப் பிறகு அதை யார் மதிப்பார்கள்? அது அரசாங்கமே கொடுத்தது. கொம்யூனிக்கேசன் கடையில் செய்த படத்தை என்ன சொல்ல! அந்த ஆப்கானியர்களின் சிறப்பு விசாவுக்கு விண்ணப்பக் கட்டணமே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சித்தியை ஏமாளி என்று சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2008 செப்டெம்பரில் ஐ.நா. அலுவலகங்கள் கிளிநொச்சியை விட்டுப் போனபோது வாசலில் நின்று "போகாதீர்கள்" என்று மன்றாடிய சனம் இது. அடுத்த வருடம் போரின் கடைசி மாதங்களில், முல்லைத்தீவுக் கரையான மாத்தளனில் செஞ்சிலுவைக் கப்பல் காயக்காரரை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போனதைக் கரையில் நின்று பார்த்தவர் சித்தி. "பட்டியல் பூட்டுது" என்று அவரிடம் சொன்னால் எந்த இடத்தில் போய்க் குத்தும் என்று அந்தத் தரகருக்கு நன்றாகத் தெரியும். அவரும் அதே கரையில் நின்றவர்தான். எனக்கு அதுதான் ஆறவில்லை.

சரி, உண்மையில் பெய்ரூட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தில் பெயர் பதியக் காசு இல்லை. பிலிப்பைன்ஸ் அரசு அந்த மாதங்களில் தன் ஆட்களை இலவசமாகத்தான் அழைத்துப் போனது. அவர்களுக்கும் சுணங்கியது லெபனான் குடிவரவு கொடுக்கிற வெளியேறும் அனுமதியில்தான். வதிவிட அனுமதி முடிந்தவருக்கும் வீட்டை விட்டு ஓடியவருக்கும் அது இல்லாமல் நகர முடியாது. கடவுச்சீட்டு கையில் இல்லையென்றால் தற்காலிகப் பயணப் பத்திரம் தருவது தூதரகம். இந்த இரண்டில் எதையும் விசுவமடுவில் இருக்கிற ஒரு தரகர் எடுத்துத் தரமாட்டார். அப்போது பெய்ரூட்டுக்கு மிடில் ஈஸ்ட் எயார்லைன்ஸைத் தவிர மற்றக் கம்பனிகள் அனேகமாகப் பறப்பை நிறுத்தியிருந்தன. இவரோ வேறொரு கம்பனி விமானத்தில் யன்னல் இருக்கை வரை சொல்லியிருக்கிறார்!

இரண்டாம் தடவை "தண்டப் பணம்" என்று கேட்டபோதுதான் சித்தி என்னிடம் சொன்னார். தங்கச்சி ஒரு கூட்டாளி மூலம் தூதரகத்தில் விசாரித்தாள். அப்படி ஒரு பட்டியலே இல்லை என்றார்கள். தரகர் முதலில் "காசு திருப்பித் தாறன்" என்றார். அப்புறம் இலக்கத்தை மாற்றிவிட்டார். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இதுவரை ஒரு சதமும் வரவில்லை. நவம்பர் 27இல் போர்நிறுத்தம் வந்தது, வீட்டுக்காரரும் திரும்பி வந்தார்கள். தங்கச்சி இன்னும் அங்கேதான், சங்கிலியை மீட்க வேண்டுமே.

யாராவது இப்படிக் கேட்டு வந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். பிரதேச செயலகத்திலும் இதற்கென்று உத்தியோகத்தர் இருக்கிறார்.

அதே ஆள் இப்போது புது இலக்கத்தில் இஸ்ரேல் வேலை என்று கதைத்துத் திரிவதாகக் கேள்வி. லெபனான் பட்டியலுக்கென்று அவர் சொன்ன கணக்கில் காசு கட்டியவர்கள் இருந்தால் வங்கித் துண்டை எறியாமல் எனக்கு எழுதுங்கள். தனி ஒருவரின் முறைப்பாடு மேசையிலேயே கிடக்கிறது, நாலைந்து பேராகப் போய்க் கொடுப்போம்.