ஜெல் பாக்கெட்டா, பழனி பஞ்சாமிர்தமா?

ஞாயிறு விடியற்காலை கோவை ரேஸ்கோர்ஸில் ஓடுகிறவர்களின் இடுப்புப் பையைத் திறந்தால் பாதி மருந்துக்கடை இருக்கும். ஓடிக்கொண்டே உறிஞ்சும் சர்க்கரைக் கூழான ஜெல், உப்பு மாத்திரை, பிசிஏஏ என்கிற அமினோ அமிலத் தூள். இதில் எதையெல்லாம் நம் அடுக்களையே தந்துவிடும் என்று போன சீசன் முழுக்க என் வயிற்றிலேயே சோதித்துப் பார்த்தேன்.

10 கிலோமீட்டருக்கு எதுவுமே வேண்டாம். ராத்திரி சாப்பிட்ட அரிசிம்பருப்பு சாதம் போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால்தான் பேச்சே. அப்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்.

ஒரு ஜெல்லில் 20, 25 கிராம் இருக்கும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். விலையில் பழத்தை மிஞ்ச முடியாது. ஆனால் மூச்சு வாங்கும்போது மெல்வது பெரும்பாடு, பையில் குலுங்கிய பழம் கூழாகியும் விடும். சரி, ஏற்கெனவே கூழாக இருக்கும் பஞ்சாமிர்தம்? பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, தேன். பழனியில் என்றைக்கோ கண்டுபிடித்த ஜெல் என்று பெருமையோடு ஜிப் கவரில் அடைத்துக்கொண்டு பேரூர்ப் பக்கம் ஓடினேன். சர்க்கரையில் குறையே இல்லை: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் இரண்டும் உண்டு, குடல் இரண்டையும் தனித்தனி வழியில் உறிஞ்சும். கவிழ்த்தது நெய். கொழுப்பு வயிற்றைச் சீக்கிரம் காலியாக விடாது. அடுத்த நாலு கிலோமீட்டரும் ஏலக்காய் ஏப்பம்தான். கவரின் மூலையைப் பல்லால் கடித்ததில் பாதி முழங்கை வரை வழிந்தது வேறு. 25 கிலோமீட்டருக்கு மேல் என்றால் என் ஓட்டு ஜெல்லுக்கே. அரை மாரத்தானுக்குக் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் போதும்.

அடுத்தது, பொள்ளாச்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை: ஓடும்போது இளநீரைவிட ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் மேல். வியர்வையில் அதிகம் போவது சோடியம். இளநீரில் அதிகம் இருப்பது பொட்டாசியம். உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் கணக்குப்படி லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு. இளநீரை ஓடி முடித்து, செருப்பு மாற்றிக்கொண்டு, நிதானமாகக் குடிக்கலாம். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது இரண்டையும்விட மோசம், ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

புரதத்தில் கதை மாறுகிறது. பாலிலிருந்து எடுக்கும் புரதத் தூளான வே பவுடர் ஒரு கரண்டியில் சுமார் 24 கிராம். 50 கிராம் கொள்ளைக் கடைந்து, இரண்டு முட்டையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே கணக்கு வந்துவிடும். "குதிரைக்குப் போடறது உனக்கு ஆகாதா கண்ணு?" என்று அம்மாயி கேட்டது நியாயம்தான். ஒரே நிபந்தனை, கொள்ளை ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி தொடக்கூடாது. ஏன் என்று பக்கத்தில் ஓடுகிறவரைக் கேளுங்கள்.

இரும்புச்சத்து, பி12 மாத்திரையெல்லாம் ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மட்டும். பிசிஏஏ? சாப்பாட்டில் புரதம் போதுமான அளவு இருந்தால் அதனால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை. நான் வாங்கிய டப்பா இப்போது வீட்டில் கடுகு போட்டுவைக்க உதவுகிறது.