பி.இ.யா, பி.எஸ்சி.யா: மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் என்ன இருக்கும்?

பி.இ. கணினி அறிவியல் நான்கு ஆண்டு. பி.எஸ்சி. கணினி அறிவியல் மூன்று ஆண்டு, அதன்மேல் எம்.சி.ஏ. இரண்டு ஆண்டு. நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில், 158 கட்-ஆஃபை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பி.எஸ்சி.யில் சேர்ந்தேன். இப்போது எம்.சி.ஏ. படிக்கிறேன். இந்த ஆண்டு அதே திண்ணையில் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் சொன்னதையே எழுதுகிறேன்.

சேர்க்கை முறை தெரிந்ததுதான். பி.இ.க்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப், பிறகு கவுன்சலிங். அரசு கலைக் கல்லூரிக்கு இணையவழி விண்ணப்பம், தரவரிசை.

பாடத்தில் பி.இ.யின் கை ஓங்கியே இருக்கிறது. டிஸ்கிரீட் கணிதம், அல்காரிதம், கணிமைக் கோட்பாடு, கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) என்று அடித்தளம் ஆழமாகப் போகிறது. ஒரு சிக்கலைக் கணினியால் தீர்க்க முடியுமா, தீர்த்தால் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்கப் பழக்குவதே அந்தப் பாடங்களின் நோக்கம். எனக்கு டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் இருந்தன, கம்பைலர் இல்லை. பி.இ. படித்த பெரியப்பா மகனின் நோட்டுகளை வாங்கித்தான் அந்தக் குறையை நிரப்பினேன். பி.எஸ்சி.யில் தமிழும் ஆங்கிலமும் நான்கு செமஸ்டர் எழுதித் தேற வேண்டும். அவற்றை அலட்சியம் செய்யாதீர்கள். கும்பகோணம் அரசு கல்லூரியில் 1904-இல் சேர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்றவற்றைக் கவனிக்காததால்தான் உதவித்தொகையை இழந்தார்.

என் முடிவைத் தீர்மானித்தது பாடமல்ல. மூன்றாம் ஆண்டில் நிற்க ஒரு படி இருக்கிறதா என்பதுதான்.

எங்களுக்கு ஒன்பது மா நிலம், அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால், ஆனி முழுவதும் குறுவைக்கு விதை, உரம், நடவுக் கூலி என்று பணம் வெளியே போய்க்கொண்டிருக்கும். கல்லூரிக் கட்டணமும் அதையொட்டித்தான் வந்து நிற்கும். பெரிய பணம் வருவது சம்பா நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் தை, மாசியில். என் மூன்றாம் ஆண்டில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் சம்பா மழையில் மூழ்கியது. அந்தத் தையில் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் சித்திரையில் தேர்வு முடிந்தது, பட்டம் கிடைத்தது. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் பில், இருப்புக் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். ஓராண்டு சம்பாதித்து, டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி, எம்.சி.ஏ.வில் சேர்ந்தேன். இதே நெருக்கடி பி.இ. மூன்றாம் ஆண்டில் வந்து படிப்பு நின்றிருந்தால், ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலைத் தவிர வேறெதுவும் மிஞ்சியிருக்காது. குரூப் 2 எழுதவும் வங்கித் தேர்வு எழுதவும் முழுப் பட்டம் வேண்டும்.

இந்த வழி சாத்தியமானதற்கு ஒரு மாற்றம் முக்கியக் காரணம். 2020-21 முதல் எம்.சி.ஏ. மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைந்தது. அதற்கு முன் மூன்றும் மூன்றும் ஆறு. அப்போதென்றால் நானும் பி.இ. என்றே சொல்லியிருப்பேன். பிளஸ் டூவில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அதற்கும் மொத்தம் ஆறாண்டு ஆகும் என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

தடையில்லாமல் படித்து முடிக்கும் வசதி இருந்தால் பி.இ. ஓராண்டை மிச்சப்படுத்தும். வெளிநாட்டில் மேற்படிப்பு நினைப்பவர்களுக்கும் அதுவே நேர்வழி. அங்கே பல பல்கலைக்கழகங்கள் நான்காண்டுப் பட்டம் கேட்கின்றன. வளாக நேர்காணலைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் அது வரவில்லை.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என் கணக்குப் பொருந்தாது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. கிடைத்தால் தயங்காமல் பி.இ.யில் சேருங்கள். தம்பியும் என்னைப் போல் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவன், அவனுக்கு அந்த வழி இல்லை. இரண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம்.