என்வாயா, ஸ்கைவெஸ்ட்டா? துணை விமானியின் முதல் ஆண்டு

அமெரிக்காவில் விமான நிறுவன வேலைக்கு வேண்டிய 1,500 மணி நேரம் பறந்து முடித்தவர்கள் பலர், என்வாய், ஸ்கைவெஸ்ட் என்ற இரண்டு பிராந்திய விமான நிறுவனங்களில் எதில் சேர்வது என்ற கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்.

சம்பளம்: 2022-ல் என்வாய் முதலாண்டு ஊதியத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தியது, மற்றவர்களும் ஏற்றினார்கள். எனவே மணிக்கணக்கு ஊதியத்தைவிட, மாதம் எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் உத்தரவாதம் என்று பாருங்கள். 75 மணி, 90 டாலர் என்றால் ஆண்டுக்கு 81,000. பயிற்சிக் காலத்துக்கு என்ன தருவார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். சேரும்போது தரும் போனஸுக்கும் நிபந்தனை இருக்கும். பாதியில் விலகினால் திருப்பிக் கட்ட நேரலாம். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

தொழிற்சங்கம்: என்வாயில் ஆல்பா (ALPA) என்ற விமானிகள் சங்கம் உண்டு. ஸ்கைவெஸ்ட் விமானிகளுக்குச் சங்கம் இல்லை.

அடுத்த படி: என்வாய் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் குழுமத்தின் சொந்த நிறுவனம், பணிமூப்பு வரிசைப்படி அமெரிக்கனுக்குப் போக வழியுண்டு. காத்திருப்பு ஆண்டுகளாக நீளும். ஸ்கைவெஸ்ட் தனி நிறுவனம். டெல்டா, யுனைடெட், அமெரிக்கன், அலாஸ்கா என்ற நான்கு பெரிய நிறுவனங்களுக்காகவும் விமானங்களை இயக்குகிறது.

அமெரிக்கன்தான் இலக்கு என்றால் என்வாய். எந்தப் பெரிய நிறுவனம் என்று முடிவாகவில்லை, வீடும் மேற்கு மாநிலங்களில் என்றால் ஸ்கைவெஸ்ட். வீட்டருகே பணித்தளம் கிடைத்தால் விடுப்பு நாள் பயணத்தில் கரையாது; முதலாண்டில் இதை நான் போனஸுக்கு மேலாக வைப்பேன்.