கோழிக்கூடு கட்டி மூன்று வருஷம்: கோழி மட்டும் மாமரத்தில்

போன கிழமை கிளிநொச்சியிலிருந்து மச்சான் போன் எடுத்தான். "உன்ர கோழிக்கூடு எப்பிடி இருக்கு? நானும் ஒண்டு கட்டப்போறன், அளவைச் சொல்லு" என்றான். கூரைத் தகரத்தைக் கழற்றி முடித்து, அது கிழித்த கையைக் கழுவிக்கொண்டு நான் கிணற்றடியில் நின்ற நேரம். கேட்கக் கூடாத நேரத்தில் கேட்டுவிட்டான். அவன் கேட்டது அளவு, நான் கொடுத்தது ஏச்சு. அதனால் ஆறுதலாக இதை எழுதுகிறேன்.

கட்டியது 2022 ஆவணியில். இலங்கை முழுக்கப் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம். முட்டை 50 ரூபாயைத் தாண்டியிருந்தது. அம்மா பழைய பலகைக் கூட்டில் ஏழெட்டு ஊர்க்கோழி வைத்திருந்தா. ஒரு இரவு மரநாய் புகுந்து நாலு பேட்டைக் கடித்துப் போட்டது. தின்றது ஒன்றைத்தான். மற்ற மூன்றும் சும்மா கிடந்தன. அந்த மூன்றைப் பார்த்த ஆத்திரத்தில்தான் கூடு பிறந்தது. எனக்கு வேண்டியிருந்தது கூடு அல்ல, பெட்டகம்.

அப்படியே கிடைத்தது. பத்தடி நீளம், ஆறடி அகலம். மூன்று பக்கம் சீமெந்துக்கல், கிழக்கே மட்டும் அரை அங்குலக் கம்பிவலை, மேலே தகரம். "கல்லில கட்டினா பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்கத் தேவையில்லை தம்பி" என்றார் மேசன் அண்ணை. பொய் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு மரநாய், ஒரு கீரி உள்ளே போகவில்லை. சாரைப்பாம்பு ஒன்று வலையில் மூக்கை முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. நிலத்தை ஒன்றரை அடி உயர்த்தித்தான் போடுவேன் என்று அவர் பிடித்த பிடிவாதத்துக்கு 2024 கார்த்திகையில் கும்பிடு போட்டேன். வளவில் கணுக்கால் வெள்ளம் நிற்க, உள்ளே உமி காய்ந்தபடி கிடந்தது.

வலை விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் பிழைவிடுகிற இடம் அது. கீரி நிலத்தைக் கிளறி வரும், ஆகவே வலையை ஒரு அடி தாழ்க்க வேண்டும் என்பார்கள். எங்கள் மண்ணில் முக்கால் அடி போனால் அலவாங்கு "டங்" என்கிறது, சுண்ணாம்புக் கல். இரண்டு நாள் முக்கிவிட்டு விட்டுவிட்டேன். வலையைக் கீழே இறக்காமல், வெளிப்பக்கமாக இரண்டடி நிலத்தோடு படுக்கவிட்டு, தோண்டின கல்லையே மேலே அடுக்கினேன். சுவரோரம் வந்து கிளறுகிற கீரிக்கு வலைதான் தட்டுப்படும், இரண்டடி பின்னுக்குப் போய்க் கிளற அதற்குப் புத்தி வராது. கூட்டின் முன்முற்றத்துக்கு மேல்பக்கம் பழைய மீன்வலை. பருந்தும் காகமும் அதோடு சரி.

இவ்வளவு நல்ல கூட்டில் கோழி படுக்காது. அதுதான் என் வழக்கு.

காலையில் முன்முற்றத்தில் நிற்கும், முட்டையிடும், நாலு மணிக்குத் திறந்துவிட்டால் வளவெல்லாம் கிளறும். ஆறு மணிக்கு ஒவ்வொன்றாக வரும். கூட்டு வாசலில் நிற்கும், கழுத்தை நீட்டி உள்ளே பார்க்கும், திரும்பிப்போய் மாமரத்தில் ஏறிவிடும். ஏணி வைத்து, ரோச் அடித்து, ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கி உள்ளே விடுவது என் வேலை. மூன்று வருஷமாக. பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, இண்டைக்கு மாங்காயோ கோழியோ?" என்று கேட்பா.

முதலில் கோழியைத்தான் ஏசினேன். ஊர்க்கோழிக்கு மரம் பழக்கம், போகப்போகச் சரிவரும் என்று அம்மாவும் சொன்னா. 2023 சித்திரையில் ஒரு பின்னேரம் முட்டை எடுக்க உள்ளே குனிந்தபோதுதான் விளங்கியது. வெளியே காற்று அடிக்கிறது, உள்ளே சூளை. மேற்குச் சுவரில் கை வைத்தேன், தோசைக்கல்.

பிழை முழுக்க என்னுடையது. வேலிக்குச் சமாந்தரமாக இருந்தால் வடிவு என்று கூட்டை வடக்குத் தெற்காக நீட்டினேன். பத்தடிச் சுவர் முழுதும் மேற்கு வெயிலை வாங்குகிறது. பகலில் குடித்த சூட்டைக் கல் பொழுதுபட்ட பிறகுதான் மெல்ல மெல்ல விடும், சரியாகக் கோழி படுக்கிற நேரத்துக்கு. சோளகக் காற்று வருவது தென்மேற்கிலிருந்து. அந்த இரண்டு பக்கமும் அடைப்பு. மரநாய்க்குக் கட்டிய சுவர் காற்றையும் மறித்துவிட்டது. போதாததற்குச் சித்திரை நடுவிலும் ஆவணிக் கடைசியிலும் சூரியன் எங்கள் உச்சிக்கு மேலே நிற்கும். மத்தியானத்தில் கூட்டுக்கு நிழல் என்று ஒன்றே விழாது. அந்த நேரத்துத் தகரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

கோழிக்கு வியர்க்காது. உடம்புச் சூடே 41 பாகை அளவில். வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை விடவேண்டும். இளைக்க இளைக்கக் கரியமிலவாயு அளவுக்கு மிஞ்சி வெளியேறும், முட்டை ஓட்டுக்குப் போகவேண்டிய சுண்ணாம்பு குறையும். அந்தச் சித்திரையில் எங்கள் முட்டைகள் விரல் பட்டால் நொறுங்கின. நான் சிப்பித்தூளைக் கூட்டிக் கூட்டிப் போட்டேன். கடைக்காரருக்கு லாபம்.

அதே மாதம் அடையில் இருந்த சிவப்புப் பேடு செத்தது. அடைப்பெட்டியை மேற்குச் சுவரோடு ஒட்டி வைத்தவன் நான். பதினெட்டாம் நாள். மற்றக் கோழி என்றால் எழும்பி ஓடியிருக்கும். "அடையில இருக்கிறது எழும்பாது எண்டு உனக்குத் தெரியாதே மோனை?" என்று மட்டும் அம்மா கேட்டா. பிறகு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. தகரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். உண்மையாகவே சூடு குறைந்தது, முதல் மழை வந்து கழுவிக்கொண்டு போகும்வரை. தகரத்துக்கு மேலே கிடுகு, அதுதான் பின்னின தென்னோலை, போட்டேன். இன்னும் நல்லது, ஆனால் கிடுகுக்கும் தகரத்துக்கும் இடையில் எலி குடும்பம் நடத்தியது. தண்ணீரைப் பிளாஸ்டிக் பாத்திரத்திலிருந்து மண்சட்டிக்கு மாற்றினேன், ஐந்து ரூபாய் யோசனை, எல்லாவற்றிலும் பலன் தந்தது அதுதான். மேற்கே ஒரு பந்தல் போட்டுக் கொடித்தோடை (பாஷன் புரூட்) விட்டேன். கோழி எருவில் அது அடித்த அடியைப் பார்க்கவேண்டும்! சுவருக்கு நிழலாக வைத்த கொடி, போன வருஷம் வீட்டுக்கும் அயலுக்கும் ஜூஸ் கொடுத்தது. இந்தக் கூட்டால் கிடைத்த சந்தோஷம் எது என்று கேட்டால் முட்டையைச் சொல்லமாட்டேன், கொடித்தோடையைத்தான் சொல்வேன்.

இந்த ஆடியில் சோளகம் தகரத்தின் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டது. ராத்திரி முழுக்கப் படார் படார். அதுதான் சாட்டு. மேற்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் ஒன்றரை அடி விட்டு மேலே உடைத்து வலை அடித்தோம். தகரத்தைக் கழற்றி, பனஞ்சிலாகை போட்டு, கூரையை இரண்டடி உயர்த்திக் கிடுகால் வேய்ந்தோம். கிடுகு கொடிகாமத்தில் எடுத்தது. மழைச் சாரல் அடிக்காமல் இறவாணத்தை மூன்றடி நீட்டிவிட்டிருக்கிறேன். வாடைக் காற்று மழைக்கு வடக்கே சுவர் இருக்கிறது, மற்றப் பக்கத்துக்குத் தறப்பாள் சுருட்டிக் கட்டியிருக்கிறது. தான் கட்டிய சுவரை உடைக்கவும் மேசன் அண்ணையே வந்தார். ஒன்றும் பேசவில்லை. கூலி மட்டும் 2022 கூலி இல்லை.

நேற்று மத்தியானம் உள்ளே போய் ஒரு கால்மணி நேரம் குந்தியிருந்தேன். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகிறது. என் அறையை விடக் குளிர்மை. மூன்று கோழி உமியில் குழி பறித்துச் செட்டையை விரித்துக்கொண்டு புழுதி குளித்தன. இந்தக் கூட்டுக்குப் பத்துக்கு எட்டு தாராளமாகக் கொடுக்கலாம். கிடுகு ஒன்றிரண்டு வருஷத்தில் உக்கும், மாற்றவேண்டும், அதற்கு ஒரு புள்ளி. மற்றப் புள்ளி எனக்காக.

இதை எல்லாம் மச்சானுக்கு எழுதி அனுப்பினேன்: கிழக்கு மேற்காக நீட்டு, சுவர் முழங்காலுக்கு மேலே வேண்டாம், அதற்கு மேலே வலை, கூரை உயரமாய் ஓலை, அரை அங்குல வலையில் காசு மிச்சம் பிடிக்காதே. அவன் ஒரே வரியில் கேட்டான்: "அப்ப, கட்டட்டோ?"

நேரம் பின்னேரம் ஆறரை. பன்னிரண்டில் ஒன்பது தாமாக உள்ளே போயிருந்தன, மூன்று வருஷத்தில் முதல்தடவை. மிச்சம் மூன்றும், கறுப்புச் சேவலோடு சேர்த்து, மாமரத்தில். ஏணி என் தோளில்.

"கட்டாதை. முட்டை சந்தையில வாங்கு" என்று அனுப்பினேன்.

தகரம் நாலும் கிணற்றடியில் சாத்திக் கிடக்கிறது. விறகு மூட யாருக்கும் வேண்டுமென்றால் வந்து எடுக்கலாம். கோழிக்கூட்டுக்கு என்றால் தரமாட்டேன்.