கார் மெத்தை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: எடை சரியாக இருந்தும் உள்ளே கலப்படம்

ஏழு சீட் வண்டியில் பின் சீட்டுகளை மடக்கிவிட்டுப் படுப்பதற்கென்று மூன்றாக மடியும் மெத்தைகளை இப்போது நிறையப் பேர் விற்கிறார்கள். அதில் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ‘முழுக்க 40 டென்சிட்டி ஹெச்.ஆர். ஃபோம், 4 இஞ்ச் கனம், எல்லா ஏழு சீட் வண்டிக்கும் பொருந்தும்’ என்று சொல்லி, 180 x 105 செ.மீ. அளவில் 8,500 ரூபாய்க்கு எங்களிடம் விற்றார்கள். ஹெச்.ஆர். என்றால் ‘ஹை ரெசிலியன்ஸ்’, அழுத்தினால் உடனே எழும்பும் ஃபோம். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. உள்ளே என்ன இருந்தது என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறோம்.

உறையின் ஜிப் ஓரத்தில் இழுக்கும் பிடியை எடுத்துவிட்டு, மேலே நூல் போட்டுத் தைத்திருந்தார்கள். தையலைப் பிரித்தால் ஒரே ஃபோம் இல்லை. மேலே ஒரு இஞ்ச் லேசான ஃபோம், நடுவில் ஒரு இஞ்ச் ரீபாண்ட் எனும் கழிவு ஃபோம் பட்டை, அடியில் இரண்டு இஞ்ச் மறுபடியும் அதே லேசான ஃபோம். மூன்றையும் பசை போட்டு ஒட்டி, பக்கவாட்டில் ரீபாண்டின் பல நிறம் தெரியாதபடி மெல்லிய வெள்ளைத் துணியைச் சுற்றி ஒட்டியிருந்தது. அந்தத் துணியை உரித்தபோது நீலமும் மஞ்சளும் சிவப்புமாகத் துண்டுகள் ஒட்டிய பட்டை நடுவில் தெரிந்தது.

ரீபாண்ட் என்பது கழிவு ஃபோமைத் துண்டுதுண்டாக்கிப் பசை கலந்து அழுத்தி எடுப்பது. அது கெட்ட பொருள் இல்லை. மெத்தைக்கு அடித்தளமாக, அதற்குரிய விலையில், சொல்லி விற்றால் நல்லதுதான். இங்கே அதை நடுவில் வைத்ததற்குக் காரணம் தராசு. கணக்கைப் பாருங்கள். டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. 1.80 x 1.05 x 0.10 என்று பெருக்கினால் 0.189 கன மீட்டர். 40-ஆல் பெருக்கினால் சுமார் 7.56 கிலோ வர வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் கடையில் எடை போட்டுப் பார்ப்பார்கள் என்பது விற்பவர்களுக்கும் தெரியும். லேசான ஃபோம் மூன்று இஞ்ச், 23 டென்சிட்டி என்றால் 3.3 கிலோ. ஒரு இஞ்ச் ரீபாண்ட், 90 டென்சிட்டி என்றால் 4.25 கிலோ. கூட்டினால் ஏறக்குறைய ஏழரை. தராசில் முள் சரியான இடத்தில் நிற்கும். கடைக்காரரே வலியவந்து எடை போட்டுக் காட்டினால் அதைத் தரத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படுத்தால் என்ன ஆகும்? பக்கவாட்டில் படுக்கும்போது உடம்பின் பாரம் தோளிலும் இடுப்பெலும்பிலும்தான் இறங்கும். மேலே உள்ள ஒரு இஞ்ச் லேசான ஃபோம் அந்த இடத்தில் காகிதம்போல அமுங்கிப்போய், எலும்பு நேராக ரீபாண்டில் உட்காரும். அடியில் உள்ள இரண்டு இஞ்ச் கொஞ்ச நாளில் இடுப்புப் பகுதியில் மட்டும் தளர்ந்து குழி விழும். ஆக, மேலே கட்டாந்தரை, கீழே பள்ளம். காலையில் கை மரத்துப்போவதும் இடுப்பு பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

எனவே எடையோடு நிற்காமல் உறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜிப் திறக்காத மெத்தையை வாங்கவே வேண்டாம். திறந்ததும் நான்கு பக்க ஓரத்தையும் பாருங்கள். துணி ஒட்டியிருந்தால் ஒரு மூலையில் உரிக்கச் சொல்லுங்கள். மேலிருந்தும் கீழிருந்தும் கட்டைவிரலால் ஒரே இடத்தில் அழுத்துங்கள். நல்ல ஹெச்.ஆர். ஃபோம் அழுத்த அழுத்தச் சீராக எதிர்க்கும், கையை எடுத்த உடனே எழும்பும். பாதி வழியில் திடீரென்று கல்லில் முட்டுவதுபோல் இருந்தால் உள்ளே வேறு பொருள். இன்னொரு வித்தையும் உண்டு: எடை கூட்ட ஃபோம் தயாரிக்கும்போதே சுண்ணாம்புத் தூள் சேர்ப்பது. வெட்டிய ஓரத்தைக் கறுப்புத் துணியில் அழுத்தித் தேய்த்தால் வெள்ளைப் பொடி படியும், கிள்ளினால் உதிரும். இந்த ஃபோம் சீக்கிரம் நொறுங்கும்.

டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு என்பதையும் மனதில் வையுங்கள். 40 டென்சிட்டியிலேயே மெத்தென்றும் கெட்டியாகவும் இரண்டும் கிடைக்கும். டென்சிட்டி சொல்வது எத்தனை காலம் உழைக்கும் என்பதை; உடம்புக்குச் சுகமா என்பதைப் படுத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கடையில் உட்கார்ந்து பார்ப்பது பயன்படாது. தரையில் போட்டு, பக்கவாட்டில் ஒருக்களித்துப் பத்து நிமிடம் படுங்கள்.

அடுத்த பொய், ‘எல்லா ஏழு சீட் வண்டிக்கும் பொருந்தும்’ என்பது. இன்னோவா கிரிஸ்டாவில் மூன்றாவது வரிசை சீட்டுகள் இரு பக்கமும் மேலே மடங்கி ஓரத்தில் நிற்கும். நடுவில் மிஞ்சும் அகலம் குறைவு. எர்டிகாவில் மூன்றாவது வரிசை முன்பக்கம் படிந்து மடங்கும். இந்த இரண்டுக்கும் ஒரே அளவு எப்படிப் பொருந்தும்? 105 செ.மீ. மெத்தையை அகலம் குறைந்த இடத்தில் திணித்தால் இரு ஓரமும் மேலேறி நடு குழிந்து தொட்டிலாகிவிடும். இரண்டு பேர் படுத்தால் இருவரும் நடுவில் உருண்டு வருவார்கள்.

அளவெடுப்பதை நீங்களே செய்யுங்கள். முன் சீட்டுகளை முழுதாக முன்னே தள்ளி, பின் சீட்டுகளை மடக்கி, டிக்கிக் கதவை மூடிவிட்டு உள்ளிருந்து அளக்க வேண்டும். டிக்கிக் கதவு மேலே போகப்போக உள்பக்கம் சாய்வதால் தரையில் கிடைக்கும் நீளம் மெத்தையின் உயரத்தில் கிடைக்காது. தரையிலிருந்து 10 செ.மீ. மேலே அளவெடுங்கள். அகலத்தை மூன்று இடத்தில் எடுங்கள்: பின்சக்கரப் புடைப்புகளுக்கு இடையில், அதற்கு முன்னால், கதவுப் பக்கத்தில். பிறகு பழைய அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி முழு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள். அந்த அட்டையையே கடையில் கொடுத்து வெட்டச் சொன்னால் அளவில் தகராறு வராது.

கனம் 3 முதல் 4 இஞ்ச் போதும். 6 இஞ்ச் போட்டால் நிமிர்ந்து உட்காரத் தலை இடிக்கும். சட்டை மாற்றக்கூட முடியாது. சரியான அடுக்கு எப்படி இருக்க வேண்டும் என்றால், அடியில் ஒரு இஞ்ச் ரீபாண்ட், அதன் மேல் இரண்டிலிருந்து மூன்று இஞ்ச் 40 டென்சிட்டி ஹெச்.ஆர். ஃபோம். ரீபாண்ட் எப்போதும் அடியில்தான். மெமரி ஃபோம் மேலடுக்கு என்று கூடுதல் பணம் கேட்டால் யோசியுங்கள்: ஊட்டி, கொடைக்கானல் குளிரில் அது விறைத்துக்கொள்ளும், சமவெளிப் புழுக்கத்தில் குழைந்து உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும்.

மடிப்பைப் பற்றிப் பலரும் கேட்பதே இல்லை, ஆனால் தூக்கத்தைக் கெடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 180 செ.மீ. மெத்தை மூன்றாக மடிந்தால் இணைப்புகள் 60, 120 செ.மீ.யில் வரும். சராசரி உயரமுள்ளவரின் இடுப்பு தலைமாட்டிலிருந்து 85, 90 செ.மீ. தூரத்தில் இருக்கும், அதாவது நடுத்துண்டின் மத்தியில். இரண்டாக மடியும் மெத்தையில் இணைப்பு சரியாக 90-இல், இடுப்புக்கு நேர் கீழே வந்துவிடும். இரண்டு மடிப்பு மெத்தை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மடக்கிய சீட் முதுகுக்கும் டிக்கித் தரைக்கும் இடையே இடைவெளியோ படியோ இருக்கும். ‘மெத்தை அதைச் சமாளித்துவிடும்’ என்பார்கள். எந்த ஃபோமும் சமாளிக்காது. அந்த இடத்தில் தொய்ந்து முதுகு வளையும். 12 மி.மீ. பிளைவுட் பலகையை அந்தப் பள்ளத்தின் மேல் குறுக்காகப் போட்டு, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள். சீட் முதுகு சற்றுச் சரிந்தே மடங்கும் வண்டியில் மேடான பக்கம் தலை இருக்கட்டும்.

ஈரம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எதிரி. இரண்டு பேர் மூச்சு விட்டாலே இரவில் கண்ணாடியெல்லாம் வேர்க்கும். அதே ஈரம் மெத்தைக்கும் குளிர்ந்த தரைக்கும் இடையிலும் தங்கும். அடிப்பக்கம் கறுப்புப் புள்ளி விழுவது அதனால்தான். அடியில் கோரைப்பாய் விரித்தால் காற்றோட்டம் கிடைக்கும். காலையில் எழுந்ததும் மெத்தையை மடக்கிச் செங்குத்தாக நிறுத்துங்கள். ‘வாட்டர் புரூப்’ என்று ரெக்ஸின் உறை தருவார்கள். வியர்வை இறங்க வழியில்லாமல் உடம்போடு ஒட்டும். மேலே பருத்தி, அடியில் வழுக்காத புள்ளித்துணி என்று கேளுங்கள்.

லேடெக்ஸ் (ரப்பர் ஃபோம்) என்று சொல்லிச் சாதாரண ஃபோமில் ஓட்டை போட்டு விற்பதும் உண்டு. அசல் லேடெக்ஸ் பெரும்பாலும் 65 டென்சிட்டிக்கு மேல். அதே அளவு ஃபோமைத் தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். அசலாகவே இருந்தாலும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் வெடித்து உதிரத் தொடங்கும்.

இலவம்பஞ்சு நம் ஊர்ச் சூட்டுக்கு அருமையான படுக்கை. ஆனால் கழிவுப் பஞ்சும் பாலியெஸ்டர் இழையும் கலப்பது சகஜம். மூன்று இடத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துச் சொம்புத் தண்ணீரில் போட்டு அமுக்கிவிடுங்கள். இலவம்பஞ்சில் மெழுகுத்தன்மை இருப்பதால் நனையாமல் மேலே வந்து மிதக்கும். வெளுத்த கழிவுப் பஞ்சு நனைந்து இறங்கும். இன்னொரு சிட்டிகையை வெட்டவெளியில் கொளுத்துங்கள். சாம்பலானால் பஞ்சு, உருகி உருண்டையானால் பாலியெஸ்டர். இலவம்பஞ்சு சட்டென்று பற்றும் பொருள் என்பதால் வண்டிக்குள் கொசுவர்த்தி கூடவே கூடாது.

காற்று மெத்தையில் நடப்பது வேறு மாதிரி. மேட்டுப்பாளையம் வெயிலில் ஊதி ஊட்டிக் குளிரில் படுத்தால், கசிவே இல்லாவிட்டாலும் காற்று சுருங்கி மெத்தை தொளதொளக்கும். உண்மையில் கசியும் மெத்தைக்கும் கடைக்காரர் இதையே காரணமாகச் சொல்லித் தப்பிக்கிறார். அதனால் வாங்கியதும் வீட்டில் ஊதி, பி.வி.சி. முதல் தடவை இழுபடும் என்பதால் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை நிரப்பி, ஒரே அறையில் இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஊதியபடியே விட்டால் உள் இணைப்பு விட்டுப்போய் நடுவில் பந்துபோல் புடைக்கும். அதற்கு யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

எந்த மெத்தையானாலும் இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எதிரெதிர்க் கண்ணாடிகளை இரண்டு விரல் இறக்கி, கொசுவலை மாட்டுங்கள்.

பில்லில் ‘கார் மெத்தை 1’ என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு அடுக்கும் என்ன ஃபோம், என்ன டென்சிட்டி, எத்தனை இஞ்ச் என்று எழுதி வாங்குங்கள். ‘ஆர்டரின் பேரில் செய்தது, திரும்ப எடுக்க மாட்டோம்’ என்பதுதான் எங்களுக்கும் கிடைத்த பதில். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் திரும்ப எடுப்பதற்கான கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மெத்தையைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்தே வீடியோ எடுங்கள்: தைத்த ஜிப், உரித்த துணி, ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் வைத்த அளவுகோல், தனித்தனியாகப் போட்ட எடை, எல்லாமே ஒரே ஓட்டத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.