இரண்டு யூரோ நினைவு நாணயத்துக்கு 26 மி.மீ. கேப்சூல்: உப்புக்காற்றுக்குத் தாங்குமா?

மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் இருந்துகொண்டு இரண்டு யூரோ நினைவு நாணயங்களை (யூரோ நாடுகள் ஒரு நிகழ்வையோ ஆளையோ நினைவுகூர்ந்து வெளியிடுபவை) சேர்ப்பவர்களுக்கு, நாணயம் கிடைப்பதைவிட அதைக் கெடாமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. அதற்காகப் பலரும் வாங்கும் வட்ட அக்ரிலிக் கேப்சூலைப் பற்றியது இந்த மதிப்பீடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் அதை மட்டும் நம்பி நாணயத்தை அலமாரியில் விட்டுவிட்டால், அடைமழைக் காலத்து ஈரத்தில் நடுவட்டம் மங்கத் தொடங்கும்.

முதலில் அளவு. இரண்டு யூரோ நாணயத்தின் விட்டம் 25.75 மி.மீ., தடிமன் 2.20 மி.மீ., எடை 8.5 கிராம். 26 மி.மீ. கேப்சூலில் கால் மில்லிமீட்டர் இடைவெளிதான் மிஞ்சும். அதுவே சரியான பிடி. 25-இல் நுழையாது. நம் பத்து ரூபாய்க்காக விற்கும் 27 மி.மீ. கேப்சூலில் போட்டால் ஆடும், குலுக்கினால் சத்தம் வரும். அப்படி ஆடி ஆடியே விளிம்பு தேயும். “எல்லா அளவுக்கும் பொருந்தும்” என்று பல துளைகள் கொண்ட பஞ்சு வளையத்தோடு வரும் பெரிய கேப்சூலைத் தவிர்த்துவிடுங்கள். பஞ்சு விளிம்பை மறைக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

விளிம்பு ஏன் முக்கியம் என்றால், நாட்டுக்கு நாடு அதில் எழுத்து வேறு. ஜெர்மனியின் விளிம்பில் ஒற்றுமை, நீதி, சுதந்திரம் என்று பொருள்படும் ஜெர்மன் வரி. கிரீஸில் ‘ஹெலெனிக் குடியரசு’ என்று கிரேக்க எழுத்தில். கேப்சூலில் போட்டபின் இதைச் சரியாகப் படிக்க முடியாது. இந்தப் பொருளின் உண்மையான குறை அதுதான். ஆகவே மூடுவதற்கு முன்பே நாடு, ஆண்டு, அச்சகக் குறி (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் எழுத்து), விளிம்பெழுத்து எல்லாவற்றையும் சீட்டில் எழுதிவிடுங்கள். எழுத்து தலைகீழாக இருந்தால் “அச்சுப்பிழை” என்று கூடுதல் விலை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். விளிம்பெழுத்து எந்தப் பக்கம் பார்த்து விழும் என்பது தற்செயல். இரண்டு விதமும் சாதாரணம்.

உள்ளே போடுமுன் நாணயத்தையும் சோதிக்க வேண்டும். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் 8.5 கிராமை ஒட்டி நிற்க வேண்டும். காந்தத்தைக் காட்டினால் நடுவட்டம் லேசாக ஒட்டும், வெளிவளையம் ஒட்டாது. நடுவில் நிக்கல் பித்தளை, நிக்கல், நிக்கல் பித்தளை என மூன்று அடுக்கு. வெளிவளையம் செம்பு-நிக்கல் கலவை. மொத்த நாணயமும் காந்தத்தில் பாய்ந்து ஒட்டினாலோ, எங்குமே ஒட்டாவிட்டாலோ அது போலி.

இந்த உலோகக் கூட்டுதான் நம் ஊரில் சிக்கல். இரண்டிலுமே செம்பு இருக்கிறது. ஈரமும் உப்பிலுள்ள குளோரைடும் சேர்ந்தால் செம்பு கறுக்கும், பிறகு பச்சை பூக்கும். பித்தளைப் பகுதி முந்திக்கொள்ளும். விரல் வியர்வையிலும் உப்பு உண்டு. இன்று கண்ணுக்குத் தெரியாத கைரேகை சில மாதம் கழித்துப் பழுப்பாக எழும்பி வரும், பிறகு போகாது. அழகன்குளத்தில் ரோமானியக் காசுகள் கிடைத்த கடற்கரை இது. மேற்கத்திய நாணயம் இங்கே புதிதல்ல, அதை அரிக்கும் காற்றும் புதிதல்ல.

மூடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மேசையில் மெத்தென்ற பருத்தித் துணியை விரியுங்கள். மழை பெய்யும் நாளில் இந்த வேலையே வேண்டாம். பங்குனி, சித்திரையில் காய்ந்த பகல்பொழுதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே அடைபடும் காற்றில் ஈரம் குறைவு. பவுடர் பூசாத நைட்ரைல் கையுறை போட்டு, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கேப்சூலின் இரு பாதிகளையும் காற்றூதும் ரப்பர் பந்தால் ஊதிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி படும், அதுவே புள்ளியாக மாறும். மேல்பாதியைப் பொருத்தி, இரண்டு கட்டைவிரலாலும் எதிரெதிர்ப் பக்கத்தில் ஒரே சமயத்தில் அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். ஒரு பக்கமாக அழுத்தினால் விளிம்பு வெடிக்கும். திறக்க நகம் நுழையும் பள்ளம் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாததைக் கத்தியால் நெம்பும்போது நாணயத்தில் கீறல் விழும்.

கேப்சூலின் மேல் மணல்தூசி படிந்தால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். மணல் அக்ரிலிக்கைவிடக் கடினம். ஒரே துடைப்பில் மங்கல் கோடுகள் விழுந்துவிடும். ஊதி, பிறகு கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியைப் பயன்படுத்துங்கள்.

அழுத்தி மூடும் கேப்சூல் தூசியைத் தடுக்கும், விரலைத் தடுக்கும். காற்றைத் தடுக்காது. ‘ஏர்டைட்’ என்று அட்டையில் போட்டிருந்தாலும் அப்படித்தான். எனவே கேப்சூல்களை ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட வேண்டும். ஐந்து லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் தாராளம். ஆரஞ்சு நிற மணி வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். அதை 120 டிகிரி அளவில் ஓவனில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் பழைய நிறம் திரும்பும். நீல மணியில் கோபால்ட் உண்டு, சமையல் பாத்திரத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வெயிலில் காயப்போட்டால் கடற்காற்றின் ஈரத்தையே திரும்பக் குடிக்கும். டப்பாவை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசையையும் கொஞ்சம் அடக்க வேண்டியிருக்கும்.

மாற்று வழிகளில் அட்டைச் சட்டம் (நடுவில் வட்டச் சன்னல் உள்ள அட்டையை மடித்து, இடையில் நாணயத்தை வைத்து மூடுவது) மலிவு. இரண்டு யூரோவுக்கு 27.5 மி.மீ. சன்னல் உள்ளதை வாங்க வேண்டும். ஆனால் ஸ்டேப்ளர் முள் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும், துரு அட்டையில் பரவும். தானே ஒட்டும் வகையில் கோடைச் சூட்டுக்குப் பசை கசியும்.

ஆல்பத்தில் ஆபத்து வேறு. மெத்தென்று வளையும், புது மழைக்கோட்டு வாசனை அடிக்கும் தாள் பெரும்பாலும் பிவிசி. நாளாக ஆக அது பச்சைப் பிசினைக் கக்கி நாணயத்தை அரிக்கும். தாளின் மூலையில் சின்னத் துண்டு வெட்டித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள்: மிதந்தால் பாலிபுரோப்பிலீன் வகை, பயமில்லை. மூழ்கினால் ஒரு செம்புக் கம்பியைச் சுட்டு, துண்டில் தொட்டு, மீண்டும் தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் பிவிசி. சன்னல் திறந்த இடத்தில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. பிசின் ஏற்கெனவே படிந்த நாணயத்தைச் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுக்கலாம்; முழுக்க உலர்ந்த பிறகே கேப்சூலுக்குள் போட வேண்டும், அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைக்கும்.

புளி, விபூதி, பாத்திரம் தேய்க்கும் பொடி எதுவும் வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்கு ஏற்றது நாணயத்துக்கு ஏற்றதல்ல. தேய்த்த நாணயம் பளபளக்கும், அச்சிட்டபோது வந்த இயற்கை மினுமினுப்பு போய்விடும், சேகரிப்பாளர் யாரும் தொடமாட்டார். உப்புப் படிந்த சந்தேகம் இருந்தால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரில் ஊறவைத்து, துடைக்காமல் ஒற்றியெடுத்தால் போதும்.

எல்லா நாணயத்துக்கும் கேப்சூல் தேவையா என்றால், தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பர்ஸிலிருந்து கிடைத்த, கைமாறித் தேய்ந்த நாணயங்களுக்குப் பாலிபுரோப்பிலீன் தாள் போதும். சுழற்சிக்குப் போகாததற்கும் ப்ரூஃப் வகைக்கும் (சேகரிப்பாளருக்கென்றே கண்ணாடிபோல் பளபளக்க அடிப்பது) கேப்சூல் கட்டாயம். ஜெர்மனி சேகரிப்பவர் எண்ணிக்கையை முன்பே கணக்கிட வேண்டும்: பெர்லின் ஏ, மியூனிக் டி, ஸ்டுட்கார்ட் எஃப், கார்ல்ஸ்ரூ ஜி, ஹாம்பர்க் ஜே என ஐந்து அச்சகக் குறி. ஜெர்மன் மாநிலங்களைக் காட்டி 2006 முதல் 2022 வரை வந்த வரிசையில் 17 நாணயம். குறிக்கு ஒன்றாக வைத்தால் அதற்கு மட்டும் 85 கேப்சூல் வேண்டும்.

வாடிகன், சான் மரினோ நாணயங்கள் மடிப்பு அட்டையிலும், பெல்ஜியத்தின் பல வெளியீடுகள் நாணய அட்டையிலும் வருகின்றன. அவற்றைப் பிரித்துக் கேப்சூலுக்கு மாற்றினால் மதிப்பு இறங்கும். ஹாலிவுட் நடிகையாக இருந்து மொனாக்கோ இளவரசியான கிரேஸ் கெல்லிக்காக 2007-இல் 20,001 மட்டுமே வெளிவந்த மொனாக்கோ நாணயத்துக்குப் பெட்டியும் விலையோடு சேர்ந்தது. அவற்றை அப்படியே பாலிபுரோப்பிலீன் உறையில் இட்டு, அதே டப்பாவில் வையுங்கள். அட்டை ஈரம் உறிஞ்சும் என்பதால் சிலிக்கா ஜெல்லை இரண்டு பங்காக்குங்கள்.

டப்பாவைப் பீரோவில் துணிகளுக்கிடையே வைக்கிறவர்கள் அங்கிருக்கும் அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். விலை குறைந்த கேப்சூல்களில் பல அக்ரிலிக் அல்ல, பாலிஸ்டைரீன்; அந்துருண்டை ஆவிக்கு அது இளகும்.